ஈ.சி.ஜி. தாளில் உள்ள சொற்கள்: ஒரு சிறு வரலாறு

கடந்த மாதம் அம்மாவுக்கு எடுத்த ஈ.சி.ஜி. தாளின் மேற்பகுதியில் இயந்திரம் நான்கு வரிகளை அச்சிட்டிருந்தது. இரண்டாம் வரி, ‘இன்கம்ப்ளீட் ரைட் பண்டில் பிராஞ்ச் பிளாக்’. அம்மா ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படிப்பவர். கடைசிச் சொல் மட்டும் அவருக்கு நன்றாகவே தெரியும். எங்கள் குடியிருப்பில் ‘பிளாக்’ என்று ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்கள் இருவர் இருக்கிறார்கள். அவர் தாளை மடித்து அலமாரியில் புடவைகளுக்கு அடியில் வைத்துவிட்டார். தில்லியில் நாங்கள் குடியிருப்பது மூன்றாம் மாடி. லிஃப்ட் இல்லாத பழைய கட்டடம். அடுத்த பதினொரு நாட்கள் அவர் கீழே இறங்கவே இல்லை. காய்கறி வண்டிக்குக் கூடையைக் கயிற்றில் கட்டி இறக்கினார். கேட்டதற்கு முழங்கால் வலி என்றார். ஆய்வேட்டின் ஓர் இயலை முடிக்கும் அவசரத்தில் இருந்த நான் அதை நம்பினேன். பன்னிரண்டாம் நாள், வேறெதையோ தேடும்போது அந்தத் தாள் கையில் கிடைத்தது.

மருத்துவம் என் துறை அன்று. நான் படித்தது மொழியியல். ஆயினும் அந்த நான்கு வரிகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது, எங்கள் வீட்டைப் பதினொரு நாள் முடக்கியது நோயைவிடச் சொல்தான் என்பது புரிந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் பிறந்த இடமும் ஆண்டும் உண்டு. அவற்றைத் தேடிப் படித்ததில் கிடைத்ததை இங்கே எழுதுகிறேன்.

கோட்டிலிருந்து தொடங்குவோம். மனித இதயத்தின் மின்னோட்டத்தை உடலின் மேற்பரப்பிலிருந்தே முதன்முதலில் பதிவு செய்தவர் அகஸ்டஸ் வாலர். ஆண்டு 1887, இடம் இலண்டன் செயின்ட் மேரி மருத்துவமனை. மெல்லிய கண்ணாடிக் குழாய்க்குள் பாதரசம் மின்னழுத்தத்திற்கேற்ப ஏறி இறங்கும் ஒரு கருவியை அவர் பயன்படுத்தினார். ஜிம்மி என்ற தம் வளர்ப்பு நாயின் கால்களை உப்புநீரில் நிற்கவைத்துப் பொதுமக்களுக்கும் இதைச் செய்து காட்டினார். 1909இல் அது விலங்குவதை ஆகாதா என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கேள்வியே எழுந்தது. இத்தனை செய்தும், மருத்துவமனைகளில் இம்முறை பரவலாகப் பயன்படும் என்று அவர் எண்ணவில்லை. அவருக்கு அது உடலியங்கியல் ஆய்வுக்கூடத்தின் வியப்பு. நோயாளியிடம் கொண்டுபோக வேண்டிய செய்தி அன்று.

கொண்டுபோனவர் வில்லெம் ஐன்தோவன். சாவகத் தீவின் செமாராங் நகரில் 1860இல் பிறந்து, நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானவர். பாதரசக் கருவி மந்தமானது. இதயத்தின் வேகத்துக்கு ஈடுகொடுக்க இயலாமல் பதிவைச் சிதைத்துவிடும். அந்தச் சிதைவை ஐன்தோவன் முதலில் கணிதத்தால் திருத்தினார். கருவி வரைந்த கோட்டின் மேடுபள்ளங்களுக்கு ஏ, பி, சி, டி என்று பெயரிட்டிருந்ததால், திருத்திய கோட்டுக்கு வேறு எழுத்துகள் தேவைப்பட்டன. 1895இல் அவர் தேர்ந்தவைதாம் பி, க்யூ, ஆர், எஸ், டி. தமிழில் எழுதினால் இரு வரிசையிலும் ‘பி’யும் ‘டி’யும் ஒன்றுபோலவே ஆகிவிடும், நான் பின்னால் சொல்வது க்யூவுக்கு முன்னே நிற்கும் பியை.

ஏன் இந்த எழுத்துகள் என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு. வளைகோட்டின் புள்ளிகளைப் பி முதலாகக் குறிக்கும் கணித வழக்கு அவற்றுள் ஒன்று. எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. நம் இலக்கணம் பெயர்ச்சொற்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் பிரிக்கிறது. ஐன்தோவன் இட்டவை தூய இடுகுறிப் பெயர்கள். இந்த மேடு இன்ன அறையின் செயல், இந்தப் பள்ளம் இன்ன நோய் என்று அவர் பெயரிலேயே எழுதிவைக்கவில்லை. அதனால் அறிவு வளர்ந்தபோது பெயரை மாற்ற வேண்டியிருக்கவில்லை. டிக்குப் பின்னே ஒரு சிற்றலை தென்பட்டபோதும் ‘யூ’ என்னும் எழுத்து காலியாகக் காத்திருந்தது. இன்றைய வழக்கில் பி என்பது மேலறைகளின் மின் கிளர்ச்சி. க்யூ-ஆர்-எஸ் கீழறைகளின் கிளர்ச்சி. டி கீழறைகள் மீண்டும் ஓய்வுநிலைக்குத் திரும்புவது.

கணக்குப் போட்டுச் சலித்தோ என்னவோ, அவர் புதிய கருவியையே உருவாக்கினார். காந்தத்தின் முனைகளுக்கிடையே வெள்ளி பூசிய மிக மெல்லிய குவார்ட்சு இழை ஒன்று அசையும். அதன் நிழல் ஒளிப்படமாகப் பதியும். கருவியின் எடை சுமார் 270 கிலோ. இயக்க ஐந்து பேர் வேண்டும். நோயாளி உப்புநீர்த் தொட்டிகளில் கையையும் காலையும் வைத்து அமர்வார். மருத்துவமனையோ ஆய்வுக்கூடத்திலிருந்து சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவு. எனவே 1905இல் தொலைபேசிக் கம்பி வழியாக நோயாளியின் இதயத்தை மட்டும் ஆய்வுக்கூடத்திற்கு வரவழைத்தார். நோயாளி ஓரிடம், அவர் கோட்டைப் படிப்பவர் வேறிடம் என்ற பிரிவு அன்றே தொடங்கிவிட்டது.

தாளில் உள்ள கட்டங்களின் அளவும் அவர் 1903இல் வகுத்ததே. படுக்கையில் ஒரு சிறு கட்டம் 0.04 விநாடி, ஐந்து சிறு கட்டம் சேர்ந்த பெரிய கட்டம் 0.2 விநாடி. அடுத்தடுத்த இரண்டு ஆர் முனைகளுக்கு இடையே எத்தனை பெரிய கட்டங்கள் என்று எண்ணி, 300ஐ அந்த எண்ணால் வகுத்தால் நிமிடத் துடிப்பு கிடைக்கும். நான்கு கட்டம் என்றால் 75. அம்மாவையே எண்ணச் சொன்னேன். நான்கு என்றார். தாளில் தாமே படிக்கக்கூடியது ஒன்று இருக்கிறது என்பது அவருக்கு அன்று பெரிய ஆறுதலாக இருந்தது.

இனி அந்த நான்கு வரிகள். முதல் வரி ‘சைனஸ் ரிதம்’. “எனக்குத்தான் சைனஸ் தொந்தரவே கிடையாதே” என்றார் அம்மா. சைனஸ் என்ற இலத்தீன் சொல்லுக்கு மடிப்பு, குழிவு என்று பொருள். மூக்கை ஒட்டிய எலும்புக் குழிவுகளும் சைனஸ். கருவில் இதயத்திற்குள் இரத்தம் வந்துசேரும் குழிவறையும் சைனஸ். வடமொழியின் ‘ஜ்யா’ அரபு மொழி வழியே போய், ‘மடிப்பு’ என்று பிறழ உணரப்பட்டு, கணிதத்தின் ‘சைன்’ ஆனதும் இதே சொல்லால்தான். 1906 கோடையில் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் ஆர்தர் கீத்தும் அவர் மனைவியும் மிதிவண்டியில் உலாவப் போயிருந்தபோது, மாணவர் மார்ட்டின் ஃபிளாக் ஓர் அகழெலியின் இதயத்தை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். வலது மேலறையில், அந்தப் பழைய குழிவு இருந்த இடத்தில், விந்தையான ஒரு திசுமுடிச்சைக் கண்டார். இதயத்துக்குத் தாளம் எடுத்துக் கொடுப்பது அதுவே. கண்டுபிடிப்பு 1907இல் வெளியானது. ஆக, ‘சைனஸ் ரிதம்’ என்றால் தாளம் புறப்பட வேண்டிய இடத்திலிருந்து புறப்படுகிறது என்று பொருள். தாளிலேயே நல்ல செய்தி அதுதான்.

இரண்டாம் வரிதான் எங்களை முடக்கியது. ‘பிளாக்’ என்ற சொல்லை இதயத்துக்குக் கொண்டுவந்தவர் கேம்பிரிட்ஜின் வால்டர் கேஸ்கெல். 1880களில் ஆமையின் இதயத்தை ஆராய்ந்தவர் அவர். மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள தசையை இடுக்கியால் அழுத்தினால், மேலிருந்து வரும் துடிப்பலை கீழே சேரத் தாமதமாகும். மேலும் அழுத்தினால் சேரவே சேராது. அந்தத் தடைக்கு அவர் இட்ட பெயரே பிளாக். அதில் இரத்தக் குழாயும் இல்லை, கொழுப்பும் இல்லை. செய்தி போகும் வழியில் ஏற்படும் தாமதம் மட்டுமே.

நாம் அதை வேறு விதமாகக் கேட்பதற்கு நம் மொழியிலும் காரணம் இருக்கிறது. ஹார்ட் அட்டாக் என்பதற்கு நாம் வைத்திருக்கும் சொல் மாரடைப்பு. அடைப்பு என்பது சொல்லிலேயே நிற்கிறது. எனவே பிளாக் என்று கேட்டதும் தமிழ்ச் செவிக்கு அது அடைப்பு. அடைப்பு என்றால் மாரடைப்பு. இதய நாளத்தில் ஏற்படும் அடைப்பும், மின்பாதையில் ஏற்படும் தாமதமும் ஒரே சொல்லைப் பகிர்ந்துகொண்டிருக்கும் இரு வேறு செய்திகள். வலப்புறக் கிளையில் முழுமை பெறாத தாமதம் என்னும் அம்மாவின் இரண்டாம் வரி, இதயக் கோளாறு எதுவும் இல்லாதவர்களிடமும் அடிக்கடி காணப்படுவது. மருத்துவர் இதைச் சொல்ல அரை நிமிடம்கூட ஆகவில்லை.

மூன்றாம் வரியில், இதயத்தின் முன்புறத்தில் முன்பு எப்போதோ மாரடைப்பு ஏற்பட்டிருப்பதை ‘கேனாட் ரூல் அவுட்’ என்று இருந்தது. 1950களின் இறுதியிலிருந்து கணினிக்கு ஈ.சி.ஜி. படிக்கக் கற்றுக்கொடுத்து வருகிறார்கள். எதையும் தவறவிடக் கூடாது என்ற அச்சத்தில் வளர்ந்த நடை அதனுடையது. இலக்கணப்படி பார்த்தால் இது இரட்டை எதிர்மறை: ‘இல்லை என்று சொல்ல இயலவில்லை’. ‘இருக்கிறது’ என்பதிலிருந்து அது வெகுதூரம். நான்காம் வரி ‘அப்நார்மல் ஈ.சி.ஜி.’, அதற்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் ‘அன்கன்ஃபர்ம்டு’, அதாவது மருத்துவர் இன்னும் பார்த்து உறுதி செய்யவில்லை. பெரிய எழுத்தைப் படித்த நாங்கள் சிறிய எழுத்தைப் படிக்கவில்லை.

மருத்துவரிடம் போனோம். இங்கேதான் என் தவறு. அம்மாவுக்கு வரும் தொந்தரவை அவர் தமிழில் சொன்னார்: “நெஞ்சு ஒரு நொடி நின்னுபோன மாதிரி இருக்கும், அப்புறம் திக்குனு ஒரு அடி அடிக்கும்.” நான் அதைப் ‘படபடப்பு’ என்று மனத்தில் சுருக்கி, இந்தியில் ‘கப்ராஹட்’ என்று மொழிபெயர்த்தேன். இந்தியில் அந்தச் சொல் நெஞ்சுப் படபடப்பையும் குறிக்கும், மனப் பதற்றத்தையும் குறிக்கும். மருத்துவர் தூக்கம் எப்படி, வீட்டில் கவலை ஏதும் உண்டா என்று கேட்கத் தொடங்கினார். நான் சொன்ன சொல்லுக்கு அதுவே சரியான கேள்வி. மொழியியல் படித்த பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அம்மா சொன்னதன் பாதி வழியிலேயே தொலைந்துபோயிற்று.

பிறகு அவரே, “மாதாஜி, அது எப்படி அடிக்கிறது என்று மேசையில் தட்டிக் காட்டுங்கள்” என்றார். அம்மா விரலால் தட்டினார்: தட், தட், தட்-தட், சற்றே இடைவெளி, பின்பு பலமாக ஒரு தட். அவர் தலையசைத்தார். முறைக்கு முன்பே ஒரு துடிப்பு. அதன்பின் ஓர் இடைவெளி. அந்த இடைவெளியில் கூடுதலாக இரத்தம் நிரம்புவதால் அடுத்த துடிப்பு ஓங்கி ஒலிக்கிறது. அம்மாவின் ‘திக்’ அந்த அடுத்த துடிப்பு. ‘படபட’ என்பது தொடர்ந்து வேகமாக அடிப்பதைக் காட்டும் இரட்டைக்கிளவி. ‘திக்’ ஒற்றை அடி. நம் மொழி தெளிவாகப் பிரித்து வைத்திருந்ததை நான்தான் ஒன்றாக்கியிருந்தேன்.

எக்கோ பரிசோதனையும் ஒரு நாள் முழுவதும் உடலில் அணியும் ஹோல்டரும் எழுதிக் கொடுத்தார். ஹோல்டர் என்பது ஒருவரின் பெயர். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்து நார்மன் ஹோல்டர், 1947இல் செய்த முதல் கருவியை முதுகில் சுமந்தார். எடை சுமார் 38 கிலோ. படுத்திருக்கும் சில விநாடிகளைப் பதிவு செய்தால் நடமாடும் மனிதரின் இதயத்தை அறிய முடியுமா என்பதே அவர் கேள்வி. 1961இல் அவர் தம் முறையைக் கட்டுரையாக வெளியிட்டபோது கருவி வெகுவாகச் சுருங்கிவிட்டிருந்தது. இன்று அது உள்ளங்கையில் அடங்குகிறது. அதனுடன் ஒரு தாளும் தருகிறார்கள். எத்தனை மணிக்கு என்ன செய்தீர்கள், என்ன உணர்ந்தீர்கள் என்று நோயாளி எழுத வேண்டிய குறிப்பேடு அது. பலர் அதை வெறுமையாகவே திருப்பிக் கொடுக்கிறார்கள். கோட்டுக்கும் உடலுக்கும் உள்ள தொடர்பைச் சொல்லக்கூடிய ஒரே ஆவணம் அதுதான். அம்மா தமிழிலேயே எழுதினார்: “காலை 11.20, துணி உலர்த்தும்போது திக்.” அதே நிமிடத்தில் கோட்டிலும் ஓர் இடம் தவறிய துடிப்பு இருந்தது.

முடிவு வந்தது. 24 மணி நேரத்தில் மொத்தத் துடிப்புகள் 1,04,312; அவற்றுள் கீழறையிலிருந்து எழுந்த ‘எக்டோபிக்’ துடிப்புகள் 2,140. இரண்டாயிரம் என்ற எண் மீண்டும் எங்களை அச்சுறுத்தியது. எக்டோபிக் என்பது ‘இடம் விலகிய’ என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொல். அம்மாவின் கணக்கில் அவை நூற்றுக்கு இரண்டு. எக்கோவில் இதயத்தின் அமைப்பும் இயக்கமும் சீராக இருந்தன. பழைய மாரடைப்பின் தடயம் எதுவும் இல்லை. மருந்து வேண்டாம் என்றார் மருத்துவர்.

“இவற்றை நிறுத்த மாத்திரை இல்லையா?” என்று நான் கேட்டேன். அந்தக் கேள்விக்கு ஒரு துயரமான வரலாறு உண்டு என்பதைப் பிறகுதான் படித்தேன். மாரடைப்புக்கு ஆளானவர்களிடம் இத்தகைய துடிப்புகள் மிகுந்திருந்தால் ஆபத்தும் மிகுதி என்று தெரிந்திருந்தது. எனவே அவற்றை மருந்தால் அடக்கினால் உயிர் காக்கலாம் என்று நம்பினார்கள். மருந்துகள் கோட்டைச் சீராக்கவும் செய்தன. நம்பிக்கையை உறுதிசெய்ய அமெரிக்காவில் நடத்தப்பட்ட ‘காஸ்ட்’ என்னும் பெரும் ஆய்வின் முதல் முடிவு 1989இல் வெளியானது. என்கெய்னைடு, ஃப்ளெகெய்னைடு என்ற மருந்துகளைப் பெற்றவர்களிடையே இறப்பு, வெறும் மாத்திரை பெற்றவர்களைவிட மிகுதியாக இருந்தது. கோடு அழகானது, மனிதர்கள் இறந்தார்கள். ஃப்ளெகெய்னைடு இன்றும் தக்க நோயாளிகளுக்கு வேறு தாளக் கோளாறுகளுக்காகத் தரப்படுகிறது. ஆகவே இதைப் படித்துவிட்டு யாரும் தம் மருந்தைத் தாமே நிறுத்திவிடக் கூடாது. யாருக்கு, எந்த இதயத்தில், எதற்காக என்று கேட்காமல் தாளை மட்டும் குணப்படுத்த முயலக் கூடாது என்பதே அந்த ஆய்வு தந்த பாடம்.

தில்லியிலேயே இதற்கு வேறொரு சான்று உண்டு. பர்மாவில் பிறந்த தமிழர், இந்தியாவின் முதல் பெண் இதயநோய் வல்லுநர் எஸ். பத்மாவதி 1950களில் லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் பணியாற்றினார். நுரையீரல் கெட்டு அதனால் வலப்புற இதயம் நலிந்த நோயாளிகளுள் பெண்கள் பெருமளவில் இருப்பதை அவரும் உடன் ஆய்வாளரும் கவனித்தார்கள். அவர்கள் சுட்டிய காரணம், இளமை முதல் சுவாசித்த அடுப்புப் புகை. கருவிகள் காட்டியது நலிந்த இதயத்தை. புகையைக் காட்டியது அந்தப் பெண்களின் வாழ்க்கை.

வீட்டில் யாருக்கேனும் இத்தகைய தாள் வந்திருந்தால் சொல்ல விரும்புவது இவைதாம். தாளை ஒளித்துவைக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள், பழைய ஈ.சி.ஜி. இருந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள், பழையதோடு ஒப்பிடுவதில்தான் பாதிப் பொருள் இருக்கிறது. தொந்தரவை உங்கள் சொல்லிலேயே சொல்லுங்கள்: திடீரெனத் தொடங்குகிறதா, மெல்ல ஏறுகிறதா, எவ்வளவு நேரம் நீடிக்கிறது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள். சொல் கிடைக்காவிட்டால் தட்டிக் காட்டுங்கள். ‘மயக்கம்’ என்ற சொல்லில் மட்டும் கவனமாக இருங்கள். தலைசுற்றலையும் மயக்கம் என்கிறோம், நினைவிழந்து விழுவதையும் மயக்கம் என்கிறோம். மருத்துவருக்கு அவை இரண்டும் முற்றிலும் வேறானவை. நினைவு தப்பியதா என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். குடும்பத்தில் இளவயதில் திடீரென இறந்தவர் உண்டென்றால் கேட்காமலே சொல்லுங்கள். பிறகு கேளுங்கள்: இது என் இதயத்தின் அமைப்பில் உள்ள கோளாறா, தாளத்தில் மட்டும் உள்ளதா? இதற்கு மருந்து வேண்டுமா, ஏன்? நான் எதைச் செய்யலாம், எதைத் தவிர்க்க வேண்டும்? நினைவு தப்புதல், நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், உழைக்கும்போது வரும் படபடப்பு ஆகியவை இருந்தால் என் பதிவைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

அம்மா மருத்துவரிடம் தாமாகக் கேட்டது ஒரே கேள்வி, அதையும் காய்கறி வாங்கும் இந்தியிலேயே கேட்டார்: “மாடிப்படி ஏறலாமா?” ஏறலாம் என்றார் அவர். அன்று மாலை மூன்று மாடியையும் நடுவே ஒருமுறை நின்று ஏறினார். நிற்கும்போது மணிக்கட்டில் விரல் வைத்து எண்ணிக்கொண்டிருந்தார். கூடைக் கயிறு இப்போது துணி உலர்த்தப் பயன்படுகிறது.